காணிக்கைப் பொருளும் மறுவிற்பனையும்: திண்டுக்கல் சமவெளிச் சபைகளை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் மிஷனெரிகளின் வருகையையும், ஆலயப் பிரதிஷ்டைகளையும், பள்ளிகளின் தோற்றத்தையும், பேராயர்களின் வரிசையையும் குறிக்கத் தவறுவதில்லை. அப்பணிகளுக்கு வேண்டிய பணம் எவ்வழியாக வந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றனர். வெளிநாட்டுச் சங்கங்களின் மானியம் கணக்கேடுகளில் எளிதாகத் தென்படுகிறது. நம் கிராமத்து விசுவாசி கொண்டுவந்த ஒரு மரக்கால் கம்பும், ஒரு கோழியும், ஒரு வாழைத்தாரும் எங்ஙனம் பணமாகி, அப்பணம் எங்ஙனம் ஓர் உபதேசியாரின் சம்பளமாயிற்று என்பது எளிதாகத் தென்படுவதில்லை. ஆயினும் நம் சபைகளின் சுயநிர்வாக வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில் மறுவிற்பனைக் கடை என்றோர் அமைப்பு உண்டு. சபையார் தங்களுக்கு இனித் தேவைப்படாத துணி, பாத்திரம், நூல், மரச்சாமான் முதலியவற்றைக் கொடுக்கின்றனர்; தொண்டர்கள் அவற்றைத் துப்புரவு செய்து குறைந்த விலைக்கு விற்கின்றனர்; கிடைக்கும் ஆதாயம் உள்ளூர் ஏழைகளின் நலனுக்கும் அயல்நாட்டு அருட்பணிக்கும் பகிரப்படுகிறது. இத்தகைய கடை திண்டுக்கல் போன்ற ஒரு நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிச் சேகரங்களிலும் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், காணிக்கைப் பொருளை விற்றுப் பணமாக்கும் வழக்கம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதையும், அதன் நன்மை தீமைகள் யாவை என்பதையும் அறிதல் வேண்டும்.

1. திருமறை காட்டும் நெறி

காணிக்கைப் பொருளை விற்பது தகுமா என்பது புதிய கேள்வியன்று. உபாகமம் 14:24–26 பகுதியில், ஆண்டவர் தெரிந்துகொண்ட இடம் வெகு தூரமாயிருந்து தசமபாகத்தைச் சுமந்து செல்ல இயலாதவன், அதை விற்றுப் பணமாக்கி எடுத்துச் செல்லலாம் என்று அனுமதிக்கப்படுகிறது. பொருள் பணமாக மாறுவதால் அதன் பரிசுத்தம் குறைவதில்லை என்பது இதன் உட்கிடை. தூரத்திலுள்ள பணிக்கு நெல்லை அனுப்ப இயலாது. நெல்லின் விலையை அனுப்பலாம். தொலைநாட்டு அருட்பணிக்குக் காணிக்கை சேர்க்கும் ஒவ்வொரு சபையும் அறிந்தோ அறியாமலோ இவ்விதியின் நிழலில் நிற்கிறது.

லேவியராகமம் 27ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. பொருத்தனை செய்யப்பட்ட மிருகம், வீடு, வயல் ஆகியவற்றுக்கு ஆசாரியன் மதிப்பிடுகிறான். கொடுத்தவனே அதை மீட்டுக்கொள்ள விரும்பினால், மதித்த தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தசமபாகத்துக்கும் இதே விதி. ஆண்டவருக்கு உரியதாகிவிட்ட பொருளை வாங்குகிறவன் அதன் சந்தை விலைக்கு மேலே கொடுக்கிறான் என்னும் கருத்து இங்கே பதிந்துள்ளது. நம் ஆலய வளாகங்களில் நடைபெறும் ஏலத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அதே அதிகாரம் மற்றோர் எச்சரிக்கையும் தருகிறது. பலிக்குரிய மிருகத்தைப் பொருத்தனை செய்தபின், நல்லதற்குப் பதில் இளைத்ததையோ, இளைத்ததற்குப் பதில் நல்லதையோ மாற்றலாகாது (27:10). குருடும் ஊனமுமான மிருகத்தைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருவோரை மல்கியா தீர்க்கன் கண்டிக்கையில், அதையே தேசத்து அதிபதிக்குக் கொடுக்கத் துணிவார்களா என்று வினவுகிறான் (1:8). மறுவிற்பனைக்குப் பொருள் கொடுப்போர் யாவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. நமக்கு வேண்டாதது என்பதாலா கொடுக்கிறோம், பிறருக்கு வேண்டியது என்பதாலா?

புதிய ஏற்பாட்டில், சீப்புருத் தீவினனாகிய பர்னபா தன் நிலத்தை விற்று அப்போஸ்தலரிடம் கொடுத்ததும் (அப். 4:36–37), அந்தியோகியாச் சபை யூதேயாவின் பஞ்சத்துக்கு உதவி அனுப்பியதும் (அப். 11:29–30), பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் புறவினத்துச் சபைகளில் சேர்த்த தர்மப்பணமும் (2 கொரி. 8–9) ஒரே இழையில் கோக்கத்தக்கவை. யாப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்குத் தைத்தவை பழந்துணிகள் அல்ல, அவள் தன் கையாலேயே செய்த அங்கிகளும் வஸ்திரங்களும் ஆகும் (அப். 9:39). இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோமாக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

2. சமவெளியும் அதன் சபைகளும்

திண்டுக்கல் வட்டாரத்துச் சீர்திருத்தச் சபைகளின் பெரும்பகுதி அமெரிக்க மதுரை மிஷனின் உழைப்பில் தோன்றியவை. அம்மிஷன் நேரே அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதன்று என்பது கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க இலங்கை மிஷன் 1834ஆம் ஆண்டு தொடக்கத்தில் லீவை ஸ்பால்டிங் ஐயரை மதுரைக்கு அனுப்பி நாட்டைப் பார்வையிடச் செய்தது. அவ்வாண்டிலேயே ஹொய்சிங்டன், டாட் என்னும் இரு மிஷனெரிகளும் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர் மூவரும் மதுரைக்கு வந்து சேர்ந்தனர். 1835இல் திண்டுக்கல் ஒரு மிஷன் நிலையமாயிற்று. எனவே திண்டுக்கல்லின் நற்செய்தி வரலாற்றில் ஒரு கடல் கடந்த அருட்பணி, அதுவும் தமிழர் தமிழருக்குச் செய்த அருட்பணி, தொடக்கத்திலேயே கலந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர் எட்வர்ட் செஸ்டர் நெடுங்காலம் திண்டுக்கல்லில் தங்கி மருத்துவப் பணியையும் சபைப் பணியையும் ஒருங்கே நடத்தினார். வத்தலக்குண்டு, பழனி ஆகிய ஊர்களும் நிலையங்களாயின.

போஸ்டன் நகரிலிருந்த அமெரிக்கன் போர்டு தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் மதுரை மிஷனைப் பார்வையிட்டார். சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்பது அவருடைய அசையாத கொள்கை. கொள்கை தெளிவாயிருந்தது, அதை நிறைவேற்றும் வழி தெளிவாயில்லை. ஏனெனில் இச்சமவெளியின் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் கையில் காசு புழங்குவது அரிது. கூலியே பெரும்பாலும் தானியமாக அளக்கப்பட்ட காலம் அது. தானியக் கூலி பெறுகிறவரிடம் காசுக் காணிக்கை கேட்பது பொருந்தாது. ஆகவே அவர்கள் எதைப் பெற்றார்களோ அதையே கொடுத்தார்கள். பிடியரிசியும், முதற்பலனும், கோழிக்குஞ்சும், முட்டையும், மண் கலயத்தில் சேர்த்த சில்லறையும் ஆலயத்துக்கு வந்தன.

திண்டுக்கல் சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கிணற்றுப் பாசனமே மிகுதி. சோளம், கம்பு, நிலக்கடலை, வெங்காயம், முருங்கை, மலையடிவாரத்து வாழை, நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ ஆகியவை இம்மண்ணின் விளைச்சல். நகரம் தோலுக்கும், பூட்டுக்கும், புகையிலைக்கும் பேர்பெற்றது. அருகே சின்னாளபட்டியின் தறிகள். இவ்வுழைப்பின் சாயல் அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின் முன் குவியும் பொருள்களில் தெரியும். பூசணியும் வெங்காயக் கூடையும் சேலையும் பித்தளைக் குடமும் ஒன்றாகக் கிடக்கும். இங்கே ஒரு நெறிமுறைச் சிக்கலும் எழுகிறது. புகையிலை பயிரிடும் விசுவாசி தன் முதற்பலனாக எதைக் கொண்டுவருவார்? இலையாக வந்தால் தயங்கும் சபை, அதை விற்ற காசாக வந்தால் தயங்குவதில்லை. பொருள் பணமாகும்போது அதன் வரலாறு மறைந்துபோகிறது. மறுவிற்பனையின் வசதியும் அபாயமும் அதுவே.

3. அறுப்பின் பண்டிகை ஏலம்

அறுப்புக்கு நன்றி கூறும் வழக்கம் இஸ்ரவேலின் பண்டிகைகள் அளவு பழைமையானது. இன்று நாம் காணும் வடிவத்துக்கு ஆங்கிலத் திருச்சபையின் தாக்கமும் உண்டு. கார்ன்வால் பகுதியைச் சார்ந்த மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூரில் ராபர்ட் ஹாக்கர் என்னும் குருவானவர் 1843இல் அறுப்பு ஆராதனையைப் புதுப்பித்தார். அவ்வழக்கம் விரைவில் பரவி மிஷன் நாடுகளையும் எட்டியது. ஆங்கில நாட்டில் அது பெரும்பாலும் அலங்காரமும் பாடலுமாக அமைந்தது. தமிழ் நாட்டில் அதனோடு ஏலம் சேர்ந்தது. சந்தையும், கோவில் திருவிழாவும், கண்மாய் மீன் ஏலமும் அறிந்த மக்களுக்கு ஏலம் அந்நியமான முறை அன்று.

அது நடைபெறும் விதம் யாவரும் அறிந்ததே. ஆராதனை முடிந்தபின் சபை மூப்பரோ உரத்த குரலுடைய வாலிபரோ பொருளை உயர்த்திக் காட்டுவார். ஒரு தரம், இரண்டு தரம் என்று விலை ஏறும். பத்து ரூபாய் பெறாத எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போவது புதுமையன்று. எடுத்தவர் அதைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மீண்டும் காணிக்கையாக வைப்பார். அதே பழம் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே பொருள் ஒரே நாளில் மூன்று நான்கு முறை விற்கப்படுவதும் உண்டு. இதனை மறுவிற்பனை என்று நாம் அழைப்பதில்லையாயினும், உண்மையில் அது மறுவிற்பனையே. அங்கே விற்கப்படுவது பழமன்று, கொடுக்கும் வாய்ப்பு. லேவியராகமம் கூட்டச்சொன்ன ஐந்தில் ஒரு பங்கு இங்கே ஐம்பது மடங்காகிவிடுகிறது.

இவ்வேலத்தின் நன்மைகள் மூன்று. முதலாவது, காசில்லாத ஏழையும் கொடுப்பவராகிறார். ஒரு விதவை கொண்டுவந்த நான்கு முட்டைகள் ஏலத்தில் நானூறு ரூபாயானால், அந்நானூறு ரூபாயில் அவளுடைய பங்கும் உண்டு. இரண்டாவது, கொடுத்தவர் பெயர் பொருளைவிட்டு நீங்குகிறது. பீடத்தின் முன் வைக்கப்பட்டபின் இந்த நெல் இன்ன தெருவினுடையது என்று யாரும் கேட்பதில்லை. 1840களில் சாதியை விட்டதற்கு அடையாளமாக யாவரும் கூடி உண்ணும் அன்பின் விருந்தை மதுரை மிஷன் வற்புறுத்தியபோது பெரும் பிளவு ஏற்பட்டது என்பதை வரலாறு அறிந்தோர் மறவார். விருந்தில் உட்கார மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள், பிற்காலத்தில் யார் வீட்டில் சுட்டது என்று அறியாமலே ஏலத்தில் எடுத்த முறுக்கைத் தின்றனர் என்றால், கட்டளை செய்யாததைக் காணிக்கை செய்தது எனலாம். மூன்றாவது, கொடுத்தல் மகிழ்ச்சிக்குரியதாகிறது. நகைப்பும் ஆரவாரமும் கலந்த அம்மாலை வேளையைச் சிறு பிள்ளைகளும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர்.

தீமைகளையும் மறைக்கலாகாது. ஏலம் மானத்துக்கு விலை கூறும் இடமாக மாறுவது எளிது. இரு குடும்பங்களின் பூசல் ஒரு சேவலின் மேல் ஏறி, விலை வானளாவிய பின், எடுத்தவர் பணம் செலுத்தாமல் காலம் கடத்துவதும் உண்டு. ஏலப்பாக்கி என்னும் சொல் நம் சேகரக் கமிட்டிகளுக்குப் புதியதன்று. பாக்கியுள்ளவரைச் சபைத் தேர்தலில் நிற்க விடலாமா, அவர் வீட்டுத் திருமணத்துக்கு முன் அதைக் கேட்கலாமா என்னும் வழக்குகள் ஆயரின் மேசைக்கு வருகின்றன. நன்றியறிதலாகத் தொடங்கியது கடன் பத்திரமாக முடிகிறது. மேலும், உண்மையில் அந்தக் கோழி தேவைப்படுகிற ஏழை அதை வாங்க இயலாது. ஏலம் அவரைக் கொடுப்பவராக மதிக்கிறது, வாங்குபவராக மதிப்பதில்லை.

4. கடலின் இருகரைகள்

இங்ஙனம் சேர்ந்த பணம் எங்கே சென்றது? முதலில் உள்ளூர் ஆலயத்துக்கும் ஆயர் சம்பளத்துக்கும் சென்றது. காணிக்கை சபையின் எல்லையைத் தாண்டாவிட்டால் சபை தன்னைத் தானே போஷிக்கும் குடும்பமாக நின்றுவிடும். அவ்வெல்லையைத் தாண்டுவதற்குத் தமிழ்த் திருச்சபைக்கு வழிகாட்டியவர்கள் யாழ்ப்பாணத்தார். 1847இலேயே அங்குச் சுதேச சுவிசேஷ சங்கம் தோன்றி, அருகிலுள்ள தீவுகளுக்கு ஊழியரை அனுப்பியது. 1900ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவரிடையே அயல்நாட்டு மிஷனெரி சங்கமொன்று தோன்றிற்று; அது பாக்கு நீரிணையைக் கடந்து, இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்தியது. வெள்ளையரின் மிஷன் ஒன்றை மதுரைக்கு அனுப்பிவைத்த அதே யாழ்ப்பாணம், இப்போது தன் சொந்தப் பிள்ளைகளையும் தன் சொந்தக் காசையும் அனுப்பிற்று.

1902இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா இதனைக் கண்டு உள்ளம் குத்துண்டார். திருநெல்வேலியைப் போன்ற எண்ணிக்கையில் மிகுந்த சபை செய்யாததை யாழ்ப்பாணத்துச் சிறு சபை செய்கிறதே என்பது அவரைத் தூண்டிய எண்ணம். அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஊழியர், பணம், நிர்வாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 1905 டிசம்பர் 25ஆம் நாள் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் இதே நெறி பின்பற்றப்பட்டது. திருநெல்வேலிச் சங்கத்தின் பணிக்களமாகிய தோர்ணக்கலில் அசரியா 1912இல் பேராயரானார். அங்கே மிக வறிய தெலுங்குச் சபைகளையும் தானியமாகவும் கோழியாகவும் கொடுக்கப் பழக்கினார். கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். ஏழைச் சபைக்குக் கொடுக்கும் உரிமையை மறுப்பது அதற்குக் கருணை காட்டுவதாகாது என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.

இந்நெறி தமிழரோடு நின்றுவிடவில்லை. மிசோரமில் 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் வளர்ந்தது. அதனைச் சேகரித்து, விற்று, அப்பணத்தைக் கொண்டு அருட்பணியாளரை அனுப்புகின்றனர். அரிசியைக் கொடுப்பவளும் ஏழை. விற்கும் அரிசியை வாங்குபவரும் பெரும்பாலும் அக்கம் பக்கத்தாரே. ஒரு பெரிய அருட்பணித் திருச்சபை இப்பிடியரிசியின் மேல் எழுந்துள்ளது. பிடியரிசிக் காணிக்கையை நாமும் அறிவோம். எனினும் பல சேகரங்களில் அது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சிறு வழக்கமாகச் சுருங்கிவிட்டது. எரிவாயு அடுப்பும் நியாயவிலைக் கடை அரிசியும் வந்தபின் பிடியரிசியின் பொருளே மாறிவிட்டது என்று சொல்வார் உளர். அங்ஙனமாயின், இன்று நம் வீடுகளில் எது மிகுதியாய் உள்ளது என்று கேட்பது நியாயமே. அரிசி மிகுந்த காலத்தில் அரிசி. பொருள் மிகுந்த காலத்தில் பொருள்.

5. மறுவிற்பனைக் கடையின் தோற்றம்

மேலைநாட்டு மறுவிற்பனைக் கடை தொழிற்புரட்சியின் பிள்ளை. நகரங்களில் பொருள் பெருகியது. அதனோடு வறுமையும் பெருகியது. இரட்சணிய சேனையின் ஸ்தாபகர் வில்லியம் பூத் 1890இல் வெளியிட்ட தம் நூலில், செல்வர் வீடுகளில் வீணாகும் பொருள்களைச் சேகரித்துப் பழுது பார்த்துப் பயன்படுத்தும் திட்டத்தை விவரித்தார். 1902இல் போஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர் குட்வில் நிறுவனத்தைத் தொடங்கினார். வீடு வீடாகப் பழைய பொருளைப் பெற்று, வேலையற்ற குடியேறிகளைக் கூலிக்கு அமர்த்திப் பழுது பார்த்து, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் விற்றார். நம் மதுரை மிஷனை அனுப்பிய அதே போஸ்டன் நகரம் இது என்பது சிந்திக்கத்தக்கது.

அயல்நாட்டு உதவிக்கென இக்கடைகள் திரும்பியது இரண்டாம் உலகப் போரின் பின். 1942இல் ஆக்ஸ்போர்டில் பஞ்ச நிவாரணத்துக்காகத் தோன்றிய குழு, பின்னர் ஆக்ஸ்பாம் எனப் பெயர்பெற்று, 1947இல் அந்நகரின் பிராட் வீதியில் தன் கடையைத் திறந்தது. கனடாவின் மானிட்டோபா மாநிலத்து ஆல்டோனா என்னும் சிற்றூரில் மென்னோனைட் பெண்கள் நால்வர் 1972இல் தொடங்கிய கடை, மென்னோனைட் மத்தியக் குழுவின் உலகப் பணிக்குப் பொருள் சேர்க்கும் பல கடைகளுக்கு முன்னோடியாயிற்று. இவற்றின் சிறப்பு, ஒரே செயலில் இரண்டு தொண்டு நிறைவேறுவது. வாங்கும் உள்ளூர் ஏழை மலிவு விலையில் நல்ல பொருள் பெறுகிறார். அவர் செலுத்திய சிறு தொகை தொலைநாட்டு ஏழைக்குச் செல்கிறது. வாங்குபவரும் அருட்பணியில் பங்காளியாகிறார்.

இதனை நம் ஏலத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். ஏலத்தில் பொருள் தன் மதிப்புக்கு மேல் விலை போகிறது. கடையில் மதிப்புக்குக் கீழே போகிறது. ஏலத்தில் வாங்குபவர் கொடுப்பவர். கடையில் வாங்குபவர் தேவையுள்ளவர். ஏலம் ஆண்டுக்கு ஒருநாள், கடை அன்றாடம். ஏலம் சபைக்குள் நடப்பது. கடை தெருவை நோக்கித் திறந்திருப்பது. ஒன்று செய்வதை மற்றொன்று செய்ய இயலாது.

விற்பனையால் அருட்பணியைத் தாங்கும் முயற்சி நம் பக்கத்திலும் பழையதே. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்கள் விடுதிப் பள்ளியில் பின்னல் கைத்தொழிலைக் கற்பித்தார். 1820களில் வேரூன்றிய அத்தொழிலின் பொருள்கள் ஐரோப்பியரிடம் விலை போயின. வருமானம் பள்ளிக்கு உதவிற்று. அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர் தம் பின்னல் வருவாயைக் கொண்டே தம்மை விலை கொடுத்து மீட்டுக்கொண்டனர். மீட்பு என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டுமோ? மால்ட் அம்மையாரின் மகளும் பேராயர் கால்டுவெல்லின் துணைவியாருமான எலிசா அம்மையார் அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். நம் மாவட்டத்து மலைமேல், மதுரை மிஷனார் 1845இல் குடியேறத் தொடங்கிய கோடைக்கானலில், கோர்சாக் என்னும் சமூக நல அமைப்பு நலிந்தோர் செய்த கைவினைப் பொருள்களை விற்கும் கடை நடத்தியதும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. ஆயினும் இவையாவும் புதிதாகச் செய்த பொருள்களின் விற்பனை. பழைய பொருளின் விற்பனை நம் சமவெளியில் வேறொரு கேள்வியை எழுப்புகிறது.

6. பழந்துணியின் சுமை

பழந்துணி இம்மண்ணில் வெறும் துணி அன்று. பண்ணையாளுக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு துணி. ஊழியம் செய்யும் குடிகளுக்கு மேல்சாதியார் உடுத்துக் கழித்த வேட்டி. எஞ்சிய சோறு, கிழிந்த சேலை. இவை கூலியின் பகுதியாகவும் அதைவிட அதிகமாகத் தாழ்வின் அடையாளமாகவும் இருந்தன. யார் உடுத்ததை யார் உடுத்துவது என்பது சாதியின் எழுதப்படாத சட்டம். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் முதலில் நாடிய மாற்றங்களுள் ஒன்று, ஞாயிறு ஆராதனைக்குத் தம் உழைப்பில் வாங்கிய வெள்ளைத் துணி உடுத்து வருவது. அத்தகைய மக்களின் பேரப்பிள்ளைகளிடம், சபை நடத்தும் கடையில் பழைய உடை மலிவாகக் கிடைக்கும் என்று சொல்வது, போஸ்டனில் சொல்வதைப் போன்றதன்று.

இதனாலேயே இக்கடை நமக்கு ஆகாது என்று சிலர் தீர்மானிக்கலாம். அத்தீர்மானத்துக்கு நியாயம் உண்டு. ஆயினும் அது முழு நியாயமாகாது. இனாமாகப் பெறுவதற்கும் விலை கொடுத்து வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அது கணக்கில் கொள்ளவில்லை. இனாம் பெறுபவர் கொடுத்தவரை நினைத்துத் தலை குனிய வேண்டும். விலை கொடுப்பவர் பேரம் பேசலாம், பிடிக்காததை ஒதுக்கலாம், எவருக்கும் நன்றிக்கடன் படாமல் வெளியேறலாம். நம் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி கூவி வரும்போது எவரும் இழிவு கொள்வதில்லை. ஏனெனில் அது கொடுக்கல் வாங்கல். வாரச் சந்தையில் பழைய சைக்கிள் வாங்குபவரை ஊர் பழிப்பதில்லை. இழிவு பழைமையில் இல்லை. கை நீட்டச் செய்வதில் உள்ளது.

எனினும், மேல்தெருவிலிருந்து பொருள் வந்து கீழ்த்தெருவுக்கு விற்கப்படுமானால், விலைச்சீட்டு ஒட்டியிருந்தாலும் பழைய ஓடையில் பழைய நீரே ஓடுகிறது எனலாம். அவ்வாறு ஆகாதிருக்க வேண்டுமானால், எல்லாத் தெருவாரும் கொடுப்பவராகவும் எல்லாத் தெருவாரும் வாங்குபவராகவும் இருத்தல் வேண்டும். ஆயரின் குடும்பம் முதலில் அக்கடையில் வாங்கட்டும். மூப்பரின் மகன் அக்கடையில் எடுத்த சட்டையோடு ஆராதனைக்கு வரட்டும். அது கூடாது என்று நம் உள்ளம் தயங்குமானால், தயங்குவது எதனால் என்பதைச் சோதித்துப் பார்ப்பது நலம். 1840களில் அன்பின் விருந்து கேட்ட கேள்வியையே இக்கடை வேறு உருவில் கேட்கிறது.

7. ஆயர்களின் கவனத்துக்குச் சில

வரலாறு வெறும் நினைவாக நின்றுவிடலாகாது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமாகி, மதுரை இராமநாதபுரம் திருமண்டலம் லெஸ்லி நியூபிகின் அவர்களை முதற் பேராயராகப் பெற்றபின், மிஷன் என்பது பிறர் நமக்குச் செய்வது என்னும் நிலை மாறியிருக்க வேண்டும். அயல்நாட்டு நன்கொடைக்கான சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 2010இல் புதுப்பிக்கப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டுள்ளது. இதனை இழப்பாக மட்டும் காண்பவர் அசரியாவின் வரலாற்றைக் கல்லாதவர். கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஓடை குறைந்த காலத்திலும் கடலுக்கு அப்பால் அனுப்பும் ஓடை வற்றவேண்டியதில்லை.

ஆகவே பின்வருவனவற்றைச் சேகரக் கமிட்டிகளின் சிந்தனைக்கு வைக்கலாம்.

முதலாவது, ஏலத்தை விட்டுவிட வேண்டாம், அதைத் தூய்மைப்படுத்துவோம். எடுத்த அன்றே பணம் செலுத்துதல் விதியாகட்டும். கடன் ஏலம் காணிக்கையன்று.

இரண்டாவது, ஏல வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு சேகர எல்லைக்கு வெளியே செல்லும் அருட்பணிக்கு என்று முன்னதாகவே அறிவிக்கப்படட்டும். ஐந்தில் ஒரு பங்கு என்னும் லேவியராகம அளவு நல்ல தொடக்கமாகும்.

மூன்றாவது, நகரச் சபைகள் மறுவிற்பனைக் கடையைச் சிறு அளவில் சோதித்துப் பார்க்கலாம். துணியிலிருந்து தொடங்காமல், பாடநூல், சைக்கிள், தையல் இயந்திரம், மரச்சாமான், பாத்திரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது இம்மண்ணுக்குப் பொருந்தும். ஹெல்ம்ஸ் செய்ததைப் போலப் பழுது பார்க்கும் வேலையை வேலையற்ற வாலிபருக்குக் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். பூட்டுத் தொழிலால் புகழ்பெற்ற நகரில் பழுது பார்க்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை.

நான்காவது, மல்கியாவின் அளவுகோல் கடை வாயிலில் நிற்கட்டும். கொடுப்பவர் தாமே விலை கொடுத்து வாங்கத் துணியாத பொருளைக் கடை ஏற்கலாகாது.

ஐந்தாவது, கணக்கு. பவுல் எருசலேமுக்குக் கொண்டுசென்ற தர்மப்பணத்தில் தம்மேல் குற்றச்சாட்டு எழாதபடி, சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரரை உடன் அழைத்துச் சென்றார் (2 கொரி. 8:19–21). அப்போஸ்தலனுக்கு வேண்டியிருந்த பாதுகாப்பு ஆயருக்கு வேண்டாததாகாது. எவ்வளவு விற்றது, எவ்வளவு எங்கே சென்றது என்பது மாதந்தோறும் ஆலய வாசலில் ஒட்டப்படட்டும். தூரத்திலிருந்து காணிக்கை கொண்டுவருவோரின் வசதிக்காக ஏற்பட்ட விற்பனையே எருசலேம் ஆலயத்தில் கள்வர் குகையாக முடிந்தது என்பதை ஆலய வளாகத்தில் விற்போர் மறக்கலாகாது.

இறுதியாக ஒன்று. பெத்தானியாவில் மரியாள் வார்த்த நளததைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ் (யோவான் 12:4–6). விற்றுக் கொடுப்பது எப்போதும் உயர்ந்ததன்று. விற்கக்கூடாத காணிக்கையும் உண்டு. எந்தப் பொருளை எந்த நோக்குடன் விற்கிறோம் என்பதே பவுலையும் யூதாசையும் பிரிக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் கூலிக்கார விசுவாசி ஒரு மரக்கால் கம்பை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது, அது எங்கே போய்ச் சேரும் என்று அறிந்தாரில்லை. ஆயினும் தனக்கு வேண்டியதிலிருந்தே அதை எடுத்தார். அவருடைய காணிக்கையால் வளர்ந்த சபை, தனக்கு வேண்டாததிலிருந்து மட்டும் கொடுத்துத் திருப்தி அடைதல் தகாது.